ஒரு ஹெக்டேருக்குள் ஒரு சாலை: கொங்கு மலையூர்கள் அடிப்படை வசதியைச் சட்டப்படி கேட்கும் முறை

மலைமேல் இருக்கும் சிற்றூருக்குச் சாலை கேட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால், "அது ரிசர்வ் காடுங்க, வனத்துறை விடமாட்டாங்க" என்பார்கள். வனச்சரக அலுவலகத்தில் கேட்டால், "எந்தத் துறையும் எங்ககிட்ட முறையாக் கேக்கவே இல்லீங்களே" என்பார்கள். பல ஊர்களில் இந்த இரண்டு பதிலும் உண்மைதான். இந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவில்தான் ஊர் மாட்டிக்கொண்டு நிற்கிறது. உடுமலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி, மாவடப்பிலிருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கிய செய்தி எத்தனையோ முறை வந்துவிட்டது. கடம்பூர் மலையில் குரும்பூர்ப் பள்ளமும் சர்க்கரைப் பள்ளமும் நிரம்பினால் மாக்கம்பாளையம் துண்டாகிப் போவதும் பல ஆண்டுக் கதை.

காட்டு நிலத்தில் அடிப்படை வசதி செய்யச் சட்டத்தில் இடமே இல்லை என்ற எண்ணம் அலுவலகங்களிலும் ஊர்களிலும் ஆழமாகப் பதிந்துவிட்டது. அது தவறு. தெளிவான வழி இருக்கிறது, அதற்குத் தனிப் படிவமும் காலக்கெடுவும்கூட உண்டு. கோப்பு நின்றுபோவது பெரும்பாலும் சட்டம் தடுப்பதால் அல்ல. தவறான சட்டத்தின் கீழ் கேட்பதாலும், தீர்மானம் சரியாக எழுதப்படாததாலும், பரப்பளவு தப்பாகப் போடப்படுவதாலும்தான்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பட்டாதான். 13-12-2005-க்கு முன்பிருந்து அனுபவித்து வரும் நிலத்துக்குக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை தனிநபர் உரிமை, பிறகு மேய்ச்சலுக்கும் சிறுவனப் பொருளுக்கும் சமூக உரிமை. இவையெல்லாம் பிரிவு 3(1). அதற்கு அடுத்து இருக்கும் 3(2) பற்றிப் பேசுவோர் குறைவு. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொன்னாலும், அரசு நடத்தும் 13 வகை வசதிகளுக்கு வனநிலத்தைப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 1980 சட்டத்தின் பெயர் 2023 திருத்தத்தில் மாறிவிட்டது. 3(2) அப்படியே நிற்கிறது.

அந்தப் பதின்மூன்று: பள்ளிக்கூடம், மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்சார மற்றும் தொலைத்தொடர்புக் கம்பிகள், குளம் முதலிய சிறு நீர்நிலைகள், குடிநீர் வழங்கலும் குழாய்களும், மழைநீர் சேகரிப்புக் கட்டமைப்பு, சிறுபாசன வாய்க்கால், சூரிய ஒளி போன்ற மரபுசாரா எரிசக்தி, தொழிற்பயிற்சி மையம், சாலை, சமுதாயக் கூடம். நிபந்தனை மூன்று. ஒவ்வொரு வசதிக்கும் எடுக்கும் வனநிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைத்திருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாததையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. குடியிருப்பு வீடு இதில் வராது. வீட்டுக்குத் தனிநபர் உரிமைதான் வழி. கோயில் வராது, சுடுகாடு வராது. பாலம் என்று தனிச்சொல் கிடையாது. பள்ளத்தின் குறுக்கே பாலம் வேண்டுமானால் அதைச் சாலையின் பகுதியாகவே கேட்க வேண்டும். "ஊருக்கு எல்லா வசதியும் செய்து தரவும்" என்று ஒரே மனுவில் வீடு, கோயில் மண்டபம், சாலை மூன்றையும் கலந்து எழுதினால், வராத இரண்டைக் காட்டி வரக்கூடிய ஒன்றையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

கொங்கு நாட்டுக்கு இந்தப் பிரிவு தனியாகவே முக்கியம். 3(1) உரிமைக்குப் பழங்குடியா, இதர பாரம்பரிய வனவாசியா என்ற கேள்வி வரும். இதர வனவாசி என்றால் 75 ஆண்டு, அதாவது மூன்று தலைமுறை, அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பர்கூர், கடம்பூர் மலையாளி மக்கள் சேலத்திலும் தருமபுரியிலும் பட்டியல் பழங்குடியினர். ஈரோடு மாவட்டத்தில் இல்லை. பழைய கோவை மாவட்டத்தோடு இருந்த பகுதி என்பதால் பட்டியலில் விடுபட்டதுதான் காரணம். உடுமலை மலைகளின் புலையர் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்காகவே இம்மக்கள் ஒரு வாழ்நாள் போராடுகிறார்கள். 3(2)-ன் நிபந்தனைகளிலோ சாதிச் சான்றும் இல்லை, பட்டாவும் இல்லை, 75 ஆண்டுக் கணக்கும் இல்லை. பட்டா இழுபறியில் கிடக்கும் ஊரும் அங்கன்வாடி கேட்கலாம்.

இழுபறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டங்கள் கொடுப்பது ஆண்டுக்கணக்கில் முடங்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை நீங்கியது. ஆனால் அந்த எட்டாண்டுப் பழக்கம் போகவில்லை. "அந்தச் சட்டம் இங்கே நடைமுறையில் இல்லீங்க" என்று இன்னமும் சொல்கிற அலுவலர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

நாடாவைப் பிடித்து அளப்பது

ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர், இரண்டரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அங்கன்வாடிக்கோ ரேஷன் கடைக்கோ இது தாராளம். சாலை நீண்டு போகிற விஷயம் என்பதால் அங்கேதான் கணக்கு இடிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. மலைப்பாதையிலிருந்து ஊர் 7 கிலோமீட்டர். பொறியாளர் மலைப்பகுதிச் சாலைக்கான வழக்கமான 6 மீட்டர் மொத்த அகலத்தை எடுத்துக்கொண்டு முழு நீளத்தையும் பெருக்குகிறார்: 4.2 ஹெக்டேர். கோப்பு அங்கேயே செத்துவிடுகிறது. இப்போது அதே தடத்தை வனவர், கிராம நிர்வாக அலுவலர், ஊர்க்காரர்கள் சேர்ந்து நடந்து அளக்கட்டும். முதல் 3 கிலோமீட்டர் வருவாய்த் துறைப் புறம்போக்கு. கடைசி 1.6 கிலோமீட்டர் ஊர்க்காரர்களின் பட்டா நிலத்து ஓரம். உண்மையில் காப்புக்காட்டுக்குள் போவது நடுவில் 2.4 கிலோமீட்டர் மட்டும். ஒரு ஹெக்டேர்க் கணக்கில் சேர வேண்டியது அந்தத் துண்டு மட்டுமே. அதை 4 மீட்டர் அகலத்தில் வைத்தால் 9,600 சதுர மீட்டர், 0.96 ஹெக்டேர். 6 மீட்டரில் வைத்தால் 1.44 ஹெக்டேர், வெளியே போய்விடும். இரண்டு மீட்டர் அகலத்தில் ஓர் ஊரின் ஆம்புலன்ஸ் தங்கியிருக்கிறது.

தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைகளில் வருவாய் நிலமும் காடும் துண்டு துண்டாகக் கலந்து கிடப்பதால், இப்படி நடந்து அளந்தாலே பல சாலைகள் வரம்புக்குள் வந்துவிடும். நான்கு மீட்டருக்குள் என்ன செய்ய முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று மீட்டர் ஓடுதளமும் மலைப்பக்கம் ஒரு வடிகாலும் வைக்கலாம். வண்டி ஒதுங்க இடம் வேண்டும்; கொண்டை ஊசி வளைவில் கூடுதல் அகலம் வேண்டும். அந்தக் கூடுதலை முதலிலேயே பரப்பில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பிறகு "கொஞ்சம் அகட்டிக்கலாம்" என்றால் வனக்குற்ற வழக்குத்தான் மிஞ்சும். வடிகாலை வெட்டிப் பரப்பை மிச்சம் பிடிப்பது இதைவிட மோசம். வடகிழக்குப் பருவமழை ஒன்று போதும், சாலையோடு போய்விடும். செங்குத்தான ஏற்றத்தில் தாரைவிடக் கான்கிரீட் நிற்கும். மதிப்பீட்டில் அந்த இடங்களை மட்டும் தனியே பிரித்துப் போடுவது நல்லது.

மரக்கணக்கும் விகிதக் கணக்குத்தான். 0.96 ஹெக்டேருக்கு 72 மரம் வரை. அரை ஏக்கரில் அங்கன்வாடி கேட்டால் அது 0.2 ஹெக்டேர், 15 மரம்தான். 75 மரம் வெட்டலாம் என்று நினைத்து இடம் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. உண்ணிச்செடிப் புதர் மரம் அல்ல. அது மண்டிக் கிடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் மரக்கணக்கு தானாகக் குறையும், காட்டுக்கும் அது நல்லது.

காட்டுக்குள் 6 கிலோமீட்டர் போகிறது, எப்படிக் குறைத்தாலும் ஒரு ஹெக்டேரில் அடங்காது என்றால்? ஒரே சாலையை மூன்று துண்டாக்கி மூன்று விண்ணப்பம் போடும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஒரே திட்டத்தைப் பிரித்ததாகச் சொல்லி மொத்தத்தையும் நிறுத்த அது வாய்ப்புக் கொடுக்கும். மாறாக, அந்தத் தடம் 25-10-1980-க்கு முன்பே இருந்ததா என்று பாருங்கள். பழைய நில அளவை வரைபடத்திலோ, வனக் கோட்டத்தின் வேலைத் திட்டத்திலோ, மரம் ஏற்றப் போட்ட கூப்புச் சாலைப் பதிவிலோ அது இருந்தால், அகலம் கூட்டாமல், மரம் வெட்டாமல் மண்தடத்தைத் தரமுயர்த்தத் தனி வழி உண்டு. மலையில் இன்று ஜீப் ஓடும் தடங்களில் பலவும் பழைய கூப்புத் தடங்களே. அதுவும் இல்லையென்றால் 1980 சட்டத்தின் நீண்ட வழிதான்: வன அனுமதிக்கான பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம், ஈடாகக் காடு வளர்ப்பு, இழக்கும் காட்டுக்கு ஈடான நிகர மதிப்புத் தொகை, மத்திய அரசின் ஒப்புதல்.

தீர்மானப் புத்தகத்தின் ஒரு பக்கம்

கோப்பு அதிகம் திரும்பி வருவது கிராம சபைத் தீர்மானத்தில்தான்.

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி ஒன்றுமில்லை. ஆகவே பழங்குடிப் பகுதிகளுக்கான பெசா சட்டம் இங்கே பொருந்தாது. நமக்குத் தெரிந்த கிராம சபை ஊராட்சியின் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அதன் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், மக்கள்தொகைப்படி 50 முதல் 300 பேர். பர்கூர் போன்ற ஊராட்சியில் முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். மலையின் ஒரு மூலையில் நடக்கும் கூட்டத்துக்கு இன்னொரு மூலையின் ஊர் எப்படி வரும்? வராது. வந்தாலும் அதன் குரல் கேட்காது.

வன உரிமைச் சட்டம் சொல்லும் கிராம சபை வேறு. ஒரு சிற்றூரின் வயது வந்தோர் எல்லோரும் சேர்ந்ததே அங்கே சபை. பதிவேட்டில் ஏறாத குடியிருப்புக்கும் இது பொருந்தும். கோவைப் பக்கத்தில் பதி, ஆனைமலையில் செட்டில்மென்ட், தாளவாடியில் தொட்டி என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி. 2012-ல் திருத்திய விதிகளின்படி, சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். 3(2) தீர்மானத்துக்கும் பாதிப் பேர் வருகை கட்டாயம். கூட்டத்தை ஊராட்சி கூட்ட வேண்டும். ஊராட்சி தன் சிற்றூர்களைப் பட்டியலிட்டு, தனித்தனிச் சபை என்று தீர்மானம் போட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான குழுவுக்கு அனுப்ப அதே விதிகளில் இடமிருக்கிறது. இதை ஒருமுறை செய்துவிட்டால் பிறகு ஒவ்வொரு வசதிக்கும் உதவும். முதல் வேலையாக இதைச் செய்வதே சரி என்பது எங்கள் கருத்து.

இனித் தீர்மானத்தின் வாசகம். வழக்கமாக எழுதுவது இப்படி: "எங்கள் ஊருக்குச் சாலை வசதி செய்து தர வேண்டுமென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." இதில் இடம் இல்லை, பரப்பு இல்லை, சட்டப்பிரிவு இல்லை, எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் இல்லை. இதை வைத்து ரேஞ்சர் எதையும் செய்ய முடியாது. எழுத வேண்டியது இப்படி:

"இன்ன ஊர், இன்ன ஊராட்சி, இன்ன காப்புக்காடு. இன்ன பள்ளத்துப் பாலத்திலிருந்து ஊர் மாரியம்மன் கோயில் வரையுள்ள தடத்தில் வனநிலத்தில் அமையும் பகுதி: நீளம் 2,400 மீட்டர், அகலம் 4 மீட்டர், பரப்பு 0.96 ஹெக்டேர். வெட்ட வேண்டிய மரங்கள் 31. வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ன் கீழ், சாலை அமைக்க இந்நிலத்தைப் பயன்படுத்த இச்சபை பரிந்துரைக்கிறது. சபையின் மொத்த உறுப்பினர் 164. வருகை 97. அவர்களில் பெண்கள் 41."

கீழே கையெழுத்துகள். கைநாட்டு வைப்பவர் பெயரைப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பெயரில்லாத கைநாட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால் வருகை பாதிக்குக் கீழே போய்விட்ட தீர்மானங்கள் உண்டு. இரண்டு வசதி கேட்டால் இரண்டு தீர்மானம், தனித்தனி எண். ஒரு ஹெக்டேர் வரம்பு ஒவ்வொரு வசதிக்கும் தனித்தனி என்பதால் இது முக்கியம். ஊராட்சிச் செயலர் சான்றொப்பமிட்ட நகல் ஒன்று ஊரிடமே இருக்கட்டும். பூ பறிக்கும் பருவம், கடுக்காய்ப் பருவம், கூலிக்குத் தோட்டம் போகும் நாள் பார்த்துக் கூட்டம் வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். இரவில் வைத்தால் யானை பயம். ஊரே சொல்லும் நாளில் வைப்பதுதான் வழி.

படிவம் அ, அதன் பயணம்

பழங்குடியினர் நல அமைச்சகம் 18-5-2009 அன்று வகுத்த நடைமுறைதான் இதற்கு அடிப்படை. விண்ணப்பிக்க வேண்டியது ஊர் அல்ல, வசதியைக் கட்டப்போகும் அரசுத் துறை. சாலைக்கு ஊராட்சி ஒன்றியம் அல்லது நெடுஞ்சாலைத் துறை, மின்கம்பிக்கு மின்வாரியம், பள்ளிக்குக் கல்வித் துறை. அந்தத் துறை படிவம் அ-வைத் தீர்மானத்தோடு சேர்த்து வனச்சரக அலுவலரிடம் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஊர் கொடுக்கும் மனு எத்தனை ஆயிரம் ஆனாலும் படிவம் அ ஆகாது. ஆகவே மனுவில் கேட்க வேண்டியது "சாலை போடுங்கள்" என்பதல்ல. "ஊராட்சி ஒன்றியம் 3(2)-ன் கீழ் படிவம் அ சமர்ப்பிக்க உத்தரவிடுங்கள்" என்பதே. இந்த ஒரு வரி கோப்பின் தலையெழுத்தை மாற்றும்.

படிவம் வந்ததும் வனச்சரக அலுவலர் இடத்தைப் பார்த்து, மரங்களை எண்ணி, மூன்று வாரத்துக்குள் மாவட்ட வன அலுவலருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மாவட்ட வன அலுவலர் நான்கு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். டெல்லிக்கும் சென்னைக்கும் போக வேண்டியதில்லை. வனத்துறை உடன்படவில்லை என்றால் கோப்பு அங்கேயே முடிந்துவிடாது, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்குப் போக வேண்டும். முடிவு அந்தக் குழுவுடையது. வாய்மொழியாக வரும் "முடியாது" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. கொடுத்த தேதிக்கு ஒப்புகை வாங்குவது, ஏழு வாரம் கழிந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு "படிவம் எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது" என்று கேட்பது, பதிலை இணைத்து ஆட்சியரிடம் குழுவைக் கூட்டச் சொல்வது: இந்த வரிசை தவறாமல் போனால் கோப்பைத் தொலைக்க முடியாது.

புலிகள் காப்பகத்துக்குள் வந்தால் பேச்சு மாறும். 2013-ல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காப்பகம் 1,408 சதுர கிலோமீட்டர். தடசலட்டி, இட்டரை, காளிதிம்பம், ராமரணை, மாவநத்தம், பெஜலட்டி என்று ஊர்கள் காட்டுக்குள்தான் இருக்கின்றன. ஆனைமலைக் காப்பகத்தின் காடர், முதுவர், மலசர் ஊர்களும் அப்படித்தான். "காப்பகத்துக்கு 3(2) பொருந்தாது" என்பது அடிக்கடி கேட்கும் பதில். வன உரிமைச் சட்டம் பிரிவு 2(டி)-யில் வனநிலம் என்பதன் விளக்கத்திலேயே சரணாலயமும் தேசியப் பூங்காவும் வருகின்றன. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் புலிகள் காப்பகப் பிரிவும், பழங்குடியினர் மற்றும் வனவாசிகளின் உரிமைக்குப் பாதிப்பில்லாமல் என்றே பேசுகிறது. அதே நேரத்தில், 3(2) பெயர் சொல்லி விலக்குவது 1980 சட்டத்தை மட்டும்தான். காட்டுயிர்ச் சட்டத்தின் அனுமதிகள் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்த இடைவெளியை வைத்துத்தான் வனத்துறை தயங்குகிறது, அந்தத் தயக்கத்தை முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது. நடைமுறையில் எளிதாக நகர்வது ஏற்கெனவே இருக்கும் தடத்தின் மேலேயே அமையும் வசதிகள், இரவுப் போக்குவரத்தைக் கூட்டாதவை, ஊர் எல்லைக்குள்ளேயே நிற்கும் கட்டடங்கள். முதலில் அங்கன்வாடி, குடிநீர் என்று தொடங்கினால் சாலைக்கான பாதையும் பழகும்.

விளக்கும் தண்ணீரும்

மின்சாரத்திலும் அகலம்தான் வினை. 11 கிலோவோல்ட் மேல்நிலைக் கம்பிக்கு வனக் கணக்கில் 7 மீட்டர் அகலப் பாதை எடுப்பார்கள். அப்படியானால் ஒரு ஹெக்டேர் 1,428 மீட்டரிலேயே தீர்ந்துவிடும். அதே மின்சாரத்தைச் சாலையோரம் ஒரு மீட்டர் அகலக் குழியில் புதைவடமாகக் கொண்டுபோனால் ஒரு ஹெக்டேருக்குள் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் வரும். செலவு கூடும். ஆனால் மரம் வெட்ட வேண்டியதில்லை, தாழ்ந்து தொங்கும் கம்பியில் யானை சாகும் ஆபத்தும் இல்லை. வனத்துறைக்கு இருக்கும் நியாயமான அச்சம் அதுதான் என்பதால், புதைவடம் என்று முன்மொழிவிலேயே எழுதினால் எதிர்ப்பு பாதி குறையும்.

வீட்டு இணைப்புக்கு 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் பிரிவு 43 இருக்கிறது. இடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்பு கேட்கலாம். கொடுக்க வேண்டிய காலம் ஒரு மாதம். கம்பி நீட்டிக்க வேண்டியிருந்தால் அந்த வேலை முடிந்தவுடன். தவறினால் நாளுக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். "பட்டா கொண்டு வா" என்று கேட்கும் இடத்தில் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். சூரிய ஒளி விளக்கும் பட்டியலில் உண்டு. ஆனால் பேட்டரி செத்த பிறகு மாற்ற ஆளில்லாமல் கம்பம் மட்டும் நிற்கும் ஊர்கள் மலை முழுக்க இருக்கின்றன. பராமரிப்பு யார் பொறுப்பு என்று தீர்மானத்திலேயே எழுதாவிட்டால் அதுதான் நடக்கும்.

தண்ணீருக்கு மலையூர்கள் இன்று செய்வது ஓடையின் மேட்டில் கல் அடுக்கிக் கறுப்பு ஹோஸ் பைப் போட்டு இழுப்பது. யானை மிதிக்கும், பன்றி கடிக்கும், கோடையில் வற்றும். முறையான குழாய் 60 சென்டிமீட்டர் அகலக் குழியில் போனால் ஒரு ஹெக்டேருக்குள் 16 கிலோமீட்டர் வரும். எந்த ஊருக்கும் அவ்வளவு தேவையில்லை. மேல்நிலைப் பிளாஸ்டிக் தொட்டியை யானை தள்ளிவிடும். தரையோடு கான்கிரீட் தொட்டி கட்டுவதே நிற்கும். பில்லூர் அணைத் தண்ணீர் கோவைக்குக் குழாயில் வருகிறது. காடம்பாறையில் 400 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது. அந்த அணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அதே காட்டில்தான் இடம் கிடைத்தது. அணையைச் சுற்றியுள்ள பதிகள் கேட்பது ஒரு ஹெக்டேருக்குக் குறைவு.

அங்கன்வாடிக்குக் கூடுதல் பிடிமானம் ஒன்று உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 13-12-2006 உத்தரவு. சிறிய ஊருக்கு, மலைப்பகுதியில் 150 பேர் இருந்தாலே குறு அங்கன்வாடி கேட்கலாம். சாலைக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. 1986-ல் இமாச்சலப் பிரதேச அரசுக்கும் உமேத் ராம் சர்மாவுக்கும் இடையிலான வழக்கில், மலைவாழ் மக்களுக்குச் சாலை என்பது வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், படிவம் அ, ஒப்புகை, காலக்கெடு தாண்டியதற்கான தகவல் உரிமைப் பதில் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாமல் போகும் வழக்குகள் "பரிசீலிக்கவும்" என்ற ஒரு வரி உத்தரவோடு திரும்புகின்றன.

பணம் எங்கிருந்து என்பது தனிக் கேள்வி. 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம் மிகவும் நலிந்த பழங்குடியினருக்கு மட்டும். தமிழ்நாட்டில் அந்த வகையில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு இனத்தவர். கோவை இருளர் பதிகளுக்கு அது கிடைக்கும். கேரளப் பக்கம் பறம்பிக்குளத்துக் காடருக்குக் கிடைக்கும். இந்தப் பக்கம் வால்பாறைக் காடருக்கு அந்த வகைப்பாடு இல்லை. மற்றவர்களுக்கு மாநில அரசின் தொல்குடித் திட்டமும், 2024 அக்டோபரில் தொடங்கிய, பழங்குடி ஊர்களுக்கான மத்திய அரசின் தர்தி ஆபா திட்டமும், ஊராட்சி ஒன்றிய நிதிகளும்தான் வாசல்.

"ஊரையே கீழே இறக்கப் போகிறோம், இனி எதற்குச் சாலை" என்ற பேச்சு காப்பகத்து ஊர்களில் எல்லா வேலையையும் நிறுத்திவிடுகிறது. இடமாற்றத்துக்குக் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்ற திட்டம் இருப்பது உண்மை. ஆனால் வன உரிமைச் சட்டம் பிரிவு 4(2)-ன்படி முதலில் உரிமைகள் அனைத்தும் அங்கீகரிக்கப்பட வேண்டும், கிராம சபை விவரம் தெரிந்து மனமொப்பிய சம்மதத்தை எழுத்தில் தர வேண்டும், புதிய இடத்தில் நிலமும் வசதிகளும் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். அதுவரை பழைய இடத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் விளக்கும் மறுக்க அந்தப் பேச்சு காரணமாகாது.

அனுமதி கையில் வந்த பிறகும் கவனம் வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மாவட்ட வன அலுவலரின் ஒப்புதலுக்குப் பின் வனச்சரகம் இடத்தை அளந்து எல்லை காட்டி ஒப்படைக்க வேண்டும். அந்த நாளில் ஊர்க்காரர்கள் உடன் நின்று, எல்லைக் கற்களையும் வெட்டக் குறியிட்ட மரங்களையும் எண்ணிப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பொக்லைன் வந்ததும் ஒப்பந்ததாரர் செய்யும் முதல் தப்பு, வெட்டிய மண்ணைச் சரிவில் கீழே தள்ளுவது. மண் எல்லைக்கு வெளியே விழும், கீழே நிற்கும் மரங்கள் புதையும், வனத்துறை வழக்குப் போடும், பாதியில் நின்ற சாலை அடுத்த மழையில் ஓடையாகும். வெட்டிய மண்ணைக் கொட்டும் இடத்தையும் வருவாய் நிலத்தில் முன்கூட்டியே குறித்து, அதை ஏற்றிப்போகும் வண்டிக்கூலியையும் மதிப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும்.